மண்ணுக்குள் ஒரு நூலகம்
வார்சா ஆவணத் தொகுதியை இலக்கியமாக நோக்கல்

கவிதை, நாடகம், புதினம், கட்டுரை என வகுத்துக்கொண்டு இலக்கியத்தை அணுகுவது நம் வழக்கம். ஆண்டு மலர்களில் இடம்பெறும் திறனாய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் இவ்வகைகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு அமைதி காண்பன. இம்முறை நாம் எடுத்துக்கொண்டது எவ்வகையிலும் அடங்காத ஒன்று. அதற்கு ஆசிரியர் ஒருவர் அல்லர். ஏறத்தாழ அறுபது பேர். மொழியும் ஒன்றன்று, இத்தீஷ், போலிஷ், எபிரேயம் முதலாகப் பல. அது அச்சேறி வெளிவந்த நூலும் அன்று. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் இட்டு மண்ணில் புதைக்கப்பட்டது. புதைத்தவர்களுள் பெரும்பாலோர் அதனைத் தோண்டி எடுக்க உயிரோடு இல்லை.

போலந்து நாட்டின் தலைநகர் வார்சா. அங்கு நாசி ஆட்சியின் கீழ் 1940ஆம் ஆண்டு நவம்பரில் யூதர்கள் எல்லாரும் ஒரு சிறு பகுதிக்குள் தள்ளப்பட்டுச் சுற்றிலும் சுவர் எழுப்பி அடைக்கப்பட்டனர். கெட்டோ என்று பெயர்பெற்ற அவ்வடைப்புக்குள், மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நெருக்குண்டு வாழ்ந்தனர். பசியாலும் நச்சுக் காய்ச்சலாலும் மாண்டனர். எஞ்சியோர் 1942 கோடையில் தொடங்கித் திரெப்லிங்கா கொலைக்களத்துக்கு இரயிலில் ஏற்றப்பட்டனர். அந்நாள்களில் அவர்களே தம் வாழ்வையும் அழிவையும் பற்றித் திரட்டிய ஆவணத் தொகுதியே நாம் பேசவந்த பொருள். ஏறத்தாழ ஆறாயிரம் ஆவணங்கள், 35,000 பக்கங்கள். அதனை முன்னின்று திரட்டிய எம்மானுவேல் ரிங்கெல்புளும் என்பாரின் பெயரால் உலகம் அதனை அழைக்கின்றது.

வரலாற்றாசிரியர்கள் இத்தொகுதியைச் சான்றாகப் படிக்கின்றனர். அது அவர்தம் கடன். நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. இதனை இலக்கியமாகப் படித்தல் கூடுமா? படித்தபின், இது நன்று, இது நன்றன்று என மதிப்பிடுதல் முறையாகுமா? சாவின் வாயிலில் நின்று எழுதியவர்களின் தாள்களில் நடையழகு தேடுவது இரக்கமற்ற செயல் என்பார் உளர். அவர்தம் தயக்கத்தை நாம் மதிக்கின்றோம், ஆயினும் உடன்படவில்லை. உடன்படாமைக்குக் காரணம் அத்தாள்களிலேயே இருக்கின்றது.

யூதர்களிடையே ஆவணம் பேணும் மரபு பழையது. கெய்ரோவின் பழம்பகுதியான புஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக்கூடம் ஒன்று உண்டு. கடவுள் பெயர் எழுதிய தாளை அழித்தல் ஆகாது என்னும் நம்பிக்கையால், பயன் தீர்ந்த தாள்களை எல்லாம் அங்கு ஓர் அறைக்குள் போட்டுவந்தனர். 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அக்குவியலின் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வாணிகம் செய்த ஆபிரகாம் பென் இஜு என்னும் யூத வணிகரின் கடிதப் போக்குவரத்தும் அக்குவியலிலிருந்தே வெளிப்பட்டது. நம் நாட்டு மேலைக் கடற்கரையின் மிளகும் பாக்கும் வெண்கலப் பாத்திரமும் எகிப்தின் பழந்தாள் ஒன்றில் பேசப்படுவதைக் காணுங்கால் எழும் வியப்புக்கு அளவில்லை. ஆனால் அது தானாய்ச் சேர்ந்த குவியல், திரட்டியது அன்று.

அறிந்து திரட்டும் முயற்சி பின்னர் வந்தது. 1891இல் வரலாற்றாசிரியர் சைமன் துப்னோவ், கிழக்கைரோப்பிய யூதர்கள் தத்தம் ஊர்களின் பழைய ஏடுகளைத் தேடிக் காக்கவேண்டும் என அறைகூவினார். 1912 முதல் 1914 வரை அன்-ஸ்கி என்னும் எழுத்தாளர் உக்ரைன் பகுதிச் சிற்றூர்களில் அலைந்து பாட்டும் கதையும் பழம்பொருளும் தொகுத்தார். 1925இல் வில்னா நகரை இருப்பிடமாகக் கொண்டு இயிவோ என்னும் ஆய்வு நிறுவனம் தோன்றிற்று. பள்ளி ஆசிரியரும் கைத்தொழிலாளரும் கடைக்காரரும் ஊதியமின்றி அதற்குத் திரட்டுநர்களாய்த் தொண்டாற்றினர். யூதர்க்குத் தாயகம் வேண்டி நின்ற சியோனிய இயக்கத்தாரும் பின்தங்கவில்லை. தம் இயக்கத்தின் கோப்புகளுக்கென்று 1919இல் பெர்லினில் ஒரு காப்பகம் கண்டனர். இட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய 1933இல் அதனை எருசலேமுக்குப் பெயர்த்துச் சென்றனர். ஆபிரகாம் ஷ்வாட்ரோன் என்பார் யூதப் பெருமக்களின் கையெழுத்துகளையும் உருவப்படங்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து எருசலேம் நூலகத்துக்கு வழங்கினார்.

இவை யாவும் போற்றத்தக்க பணிகளே. எனினும் இயக்கக் காப்பகம் வைப்பார்க்கும் பெருமக்களின் கையெழுத்தைச் சேர்ப்பார்க்கும் ஒரு வசதி உண்டு. தாம் தேடுவது யாதென்பது அவர்களுக்கு முன்னரே தெரியும். மாநாட்டுத் தீர்மானம் வேண்டும். மளிகைக் கணக்கு வேண்டா. தலைவரின் கடிதம் வேண்டும். அவர் வீட்டுச் சமையற்காரியின் கடிதம் வேண்டா. வார்சாவில் திரட்டியவர் இந்த வசதியைத் தாமே துறந்தார். அங்கேதான் நம் ஆய்வுக்குரிய இலக்கியச் செய்தி தொடங்குகின்றது.

ரிங்கெல்புளும் 1900இல் புச்சாச் என்னும் சிற்றூரில் பிறந்தவர். வார்சாவின் இடைக்கால யூதர்களைப் பற்றி ஆராய்ந்து 1927இல் முனைவர் பட்டம் பெற்றவர். பள்ளியில் வரலாறு கற்பித்தவர். இடதுசாரிச் சியோனியத் தொழிலாளர் கட்சியில் ஊன்றிய பற்றுடையவர். 1938இல் ஜெர்மனி ஆயிரக்கணக்கான போலந்து யூதர்களை எல்லையில் கொண்டுவந்து தள்ளியபோது, ஸ்பொன்ஷின் என்னும் எல்லையூரில் அவர்களுக்கு உணவும் உறையுளும் தேடிக்கொடுத்த பணியில் இருந்தார். அவர்கள் சொன்னவற்றைக் குறித்தும் வைத்தார். 1939 ஆகஸ்டில் ஜெனீவாவில் சியோனிய மாநாடு கூடியது. பேராளராய்ச் சென்ற அவர் போர்மேகம் சூழ்வதைக் கண்டும் அயல்நாட்டில் தங்கிவிடாமல் வார்சாவுக்குத் திரும்பினார். மனைவி யூதித்தாவும் மகன் ஊரியும் அங்கிருந்தனர். சில நாள்களில் போர் மூண்டது.

1940 நவம்பர் 22ஆம் நாள், கெட்டோவின் வாயில்கள் அடைபட்டு ஒரு வாரம் கூட முடியாத நிலையில், நண்பர் சிலரைத் தம் இல்லத்தில் கூட்டித் திரட்டும் பணியை முறைப்படுத்தினார். ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியமையால் அக்குழுவுக்கு ‘ஓய்வுநாளின் இன்பம்’ எனப் பொருள்படும் ‘ஒய்னெக் ஷாபெஸ்’ என்பது பெயராயிற்று. மறைபெயர்தான்; எனினும் பசியின் நடுவே அப்பெயரைச் சூட்டியவர்களின் நெஞ்சுரத்தை எண்ணிப் பார்க்கவேண்டும்.

குழுவினரின் விதிகள் திறனாய்வாளர் மனங்கொள்ளத்தக்கவை. நிகழ்ந்தவுடன் எழுதவேண்டும், பின்னர் நடந்தது முன்னர் எழுதியதன்மேல் சாயம் பூசிவிடும். தொழில்முறைச் செய்தியாளரைக் கூடியவரை தவிர்க்கவேண்டும். பரபரப்புக்காகச் செய்தியைத் திரிப்பர். ஒரே நிகழ்ச்சியை ஒருவர் மட்டும் எழுதினால் போதாது. முதியவரும் இளைஞரும், சமயப் பற்றுடையவரும் அற்றவரும் எழுதவேண்டும். நல்லது மட்டும் எழுதுதல் கூடாது. யூதக் காவலர் தம் இனத்தாரையே அடித்ததும், கைக்கூலி வாங்கியதும், பணம் படைத்தோர் உணவுவிடுதியில் உண்டிருக்க வாயிலில் குழந்தை பசியால் செத்ததும் எழுதப்பட வேண்டும். இவ்வளவையும் விதியாக வகுத்துக்கொண்டவர்களை வெறும் சான்று சேர்ப்போர் என்று சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தின் உண்மை எங்கே கெடுகின்றது என்பதைத் தேர்ந்து தெளிந்தவர்கள் அவர்கள். வசதியான மேசையில் அமர்ந்து எழுதும் நம்மனோர்க்கே கைவராத கட்டுப்பாடு அது.

குழுவில் இருந்தோரைப் பாருங்கள். செயலாளர் எர்ஷ் வாசர், ரிங்கெல்புளுமின் கட்சிக்காரர். சிமோன் உபர்பாந்து வைதிக சமய குரு. லெய்ப் கோல்தின் சியோனியத்தை மறுத்த புந்து கட்சியைச் சார்ந்தவர். குஸ்தவா யரெத்ஸ்கா போலிஷ் மொழியில் புதினம் எழுதியவர். கெட்டோ நிருவாகத்தில் தட்டச்சராய் இருந்துகொண்டே அலுவலக ஆவணங்களின் படிகளைக் குழுவுக்குக் கடத்தித் தந்தவர். இராகேல் அவர்பாக் கஞ்சித்தொட்டி ஒன்றை நடத்தியவர். கட்சிப் பற்று மிக்க ஒருவர் அமைத்த தொகுதி கட்சித் தொகுதியாகக் குறுகவில்லை என்பது சிறு செய்தியன்று. சியோனிய இளைஞர் இயக்கங்களின் மறைவிதழ்கள் அதில் உண்டு. அவர்களோடு மாறுபட்டோரின் இதழ்களும் உண்டு.

அவர்கள் திரட்டிய பொருள்களின் பட்டியலே தனியொரு படைப்பு. ரேஷன் அட்டை, டிராம் சீட்டு, மிட்டாய் சுற்றிய தாள், நாடகச் சுவரொட்டி, உணவுவிடுதியின் விலைப்பட்டியல், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, தெருவில் வழங்கிய நகைத்துணுக்கு எல்லாம் உண்டு. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் அடைந்து கிடந்தமையால், இன்னாரைக் காண வந்தவர் அழைப்பு மணியை இத்தனை முறை அடிக்கவேண்டும் என்று கதவில் ஒட்டிய குறிப்பும் உண்டு. அவ்வொரு தாளில் இடநெருக்கடியும் மானமும் ஒருங்கே புலப்படுகின்றன. எத்தனை மணி அடித்தால் தமக்கு என்று காத்திருந்த குடும்பங்கள் தத்தம் தனிமையை அந்த அளவிலேனும் காத்துக்கொள்ள முயன்றிருக்கின்றன. பக்கம் பக்கமாய் எழுதிய அறிக்கைகள் தராத ஒன்றை இது தருகின்றது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர்வந்து, ஒற்றை அறையில் இரு குடும்பமாய் வாழ்க்கையைத் தொடங்கிய நம் வாசகர் சிலர்க்கு அம்மணியோசை அறிமுகமானதாய்த் தோன்றலாம். தோன்றுவது இயல்பு, ஆயினும் நாம் விரும்பி வந்தோம், விரும்பினால் திரும்பவும் போகலாம். அவர்களுக்கு அது இல்லை. ஒப்புமையை அவ்வளவில் நிறுத்திக்கொள்வோம்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். பெரெத்ஸ் ஓபொச்சின்ஸ்கி என்பார் கெட்டோவில் தபால்காரர். மாடிமாடியாய் ஏறி இறங்கிய கால்கள் அவர் எழுத்துக்கு வலுவூட்டின. ‘21ஆம் எண் வீடு’ என்னும் அவரது நீண்ட சொல்லோவியத்தில் ஒரு முற்றத்தைச் சுற்றிய குடித்தனங்களின் வாழ்வு முழுவதும் எழுகின்றது. யாரையும் அவர் தூற்றவில்லை. யாரையும் தூய்மைப்படுத்தவும் இல்லை. கள்ளக்கடத்தல்காரரைப் பற்றி எழுதும்போதும் அத்தொழிலின் நுணுக்கத்தையும் ஊரின் பசியை அது ஆற்றிய வகையையும் கூறுவதில் அவர் கவனம் செல்கின்றது. தமிழில் நடைச்சித்திரம் எனப்படும் வகையில் இதனைச் சேர்க்கலாம்.

நம்மை மிகுதியும் ஈர்த்தது கோல்தின் 1941இல் எழுதிய ‘ஒரே ஒரு நாளின் குறிப்பு’. அயல்மொழி இலக்கியங்களை இத்தீஷில் பெயர்த்த படிப்பாளி அவர். அவருடைய கதைமாந்தன் விடியலில் விழிக்கின்றான். நண்பகலில் கஞ்சித்தொட்டியில் கிடைக்கும் ஒரு கிண்ணம் சூப்புக்காகக் காத்திருக்கின்றான். கதை அவ்வளவே. ஆனால் அக்காத்திருப்புக்குள் அவன் இரண்டாய்ப் பிளவுபடுகின்றான். ஒருவன் நூல் கற்றவன், உலக நடப்பைச் சிந்திப்பவன்; மற்றவன் வயிறு. வயிறு பேசுகின்றது, வாதிடுகின்றது, ஏசுகின்றது, கற்றவன் நாணுகின்றான். பசியைப் பற்றி இரக்கமூட்டும்படி எழுதுவது எளிது. பசித்தவனே தன் பசியை எள்ளி நகையாடுவதை எழுதுவது அரிது. அன்று தவறுதலாக அவனுக்கு இரண்டாவது சூப்பும் கிடைத்துவிடுகின்றது. அம்மகிழ்ச்சியில் ஒரு குற்றவுணர்வு கலக்கின்றது. அடுத்த வேளைக்கான ஏக்கம் அதனையும் விழுங்குகின்றது. இரவில் மருத்துவமனைச் சாளரம் ஒன்றின் வழியே ஒரு குழந்தைக்கு அறுவை மருத்துவம் நடப்பதை அவன் காண்கின்றான். நாளை பட்டினியால் சாகக்கூடிய குழந்தையை இன்று ஏன் காப்பாற்றவேண்டும்? விலங்குகள் இவ்வாறு செய்வதில்லையே என்னும் எண்ணம் அவனுக்குள் எழுகின்றது. தன்னை விலங்காய் உணரத் தொடங்கியவனுக்குக் கிடைக்கும் மறுப்பு அது.

இக்கதையில் குறை இல்லையா? உண்டு. நடுவில் அவன் சிந்தனை நீள்கின்றது. படிப்பின் சுமை சில இடங்களில் கதையை அமுக்குகின்றது. அமைதிக் காலத்தில் எழுதியிருப்பின் ஆசிரியரே சில பத்திகளைக் குறைத்திருப்பார் என்பது நம் எண்ணம். இக்குறையைச் சொல்வதால் கோல்தினுக்கு நாம் இழுக்குத் தேடவில்லை. அவரை எழுத்தாளராய் ஏற்றுக்கொள்கின்றோம். ‘ஐயோ பாவம்’ என்று மட்டும் சொல்லி நூலை மூடிவிடுவதே அவருக்குச் செய்யும் இழுக்கு.

ஆபிரகாம் லெவின் ஓர் ஆசிரியர், நாட்குறிப்பு எழுதியவர். 1942 ஜூலை 22இல் பெருங்கடத்தல் தொடங்கும்வரை இத்தீஷில் எழுதிவந்தவர், அன்று முதல் எபிரேயத்துக்கு மாறுகின்றார். வாக்கியங்கள் சிறுத்துவிடுகின்றன, சில நாள்களில் தெருப்பெயரும் எண்ணிக்கையுமே எஞ்சுகின்றன. ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் மனைவியைக் கொண்டுபோய்விட்டனர். வீட்டு மொழியை விட்டு மறைமொழிக்கு ஏன் சென்றார் என்பதை அவர் விளக்கவில்லை. அன்றாடச் சொற்களால் தாங்க முடியாததைப் பழைய புலம்பல் நூல்களின் மொழியில் இட்டாரோ என்று நாம் ஊகிக்கலாம். நாட்குறிப்பு 1943 ஜனவரி 16ஆம் நாளோடு நின்றுவிடுகின்றது.

லெவினுக்கு நேர் எதிர் யெகொசுவா பெர்லே. போருக்குமுன் புகழ்பெற்ற புதின ஆசிரியரான இவர் கடத்தலுக்குத் தப்பிய சிலருக்கு நாசிகள் வழங்கிய வேலை எண்ணைப் பற்றி ‘4580’ என்ற அங்கதக் கட்டுரை எழுதினார். பெயர் போய்விட்டது, எண் வந்துவிட்டது. எண்ணுக்கு உணவு உண்டு, பெயருக்கு இல்லை என்று சிரித்துக்கொண்டே செல்கின்றார். அச்சிரிப்பு நம் தொண்டையில் சிக்குகின்றது. வார்சாவின் அழிவைப் பற்றிய அவருடைய மற்றொரு நீண்ட எழுத்தில் தம் மக்களையே கடுமையாய்ச் சாடுகின்றார். அச்சாட்டு முழுவதும் நீதியானது என்று நாம் கருதவில்லை. வெகுண்ட நெஞ்சு குற்றவாளியையும் குற்றத்துக்கு இரையானவனையும் ஒரே சாட்டையால் அடித்துவிடுகின்றது. ஆனால் இத்தகைய எழுத்தையும் விலக்காமல் பெட்டியில் இட்ட தொகுப்பாசிரியரின் நெஞ்சத் துணிவை என்னென்பது!

எழுத்தோடு ஓவியமும் அங்குப் புதைந்தது. கேலா செக்ஷ்தைன் 1907இல் வார்சாவில் பிறந்த ஓவியர். குழந்தைகளை வரைவதில் தனித்திறன் உடையவர். அவருடைய கணவர் இசுரயேல் லிக்தென்ஷ்தைன்தான் ஆவணங்களைப் புதைக்கும் பொறுப்பேற்ற ஆசிரியர். கணவர் புதைத்த பெட்டிகளில் மனைவியின் நீர்வண்ண ஓவியங்களும் கோட்டோவியங்களுமாக ஏறத்தாழ 300 படைப்புகள் இடம்பெற்றன. 1942 ஆகஸ்டு முதல்நாள் அவ்வம்மையார் எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் உடன் உள்ளது. தமக்குச் சாவு உறுதி என்பதைத் தெரிந்தே எழுதுகின்றார். இரக்கம் கேட்கவில்லை. தம் ஓவியங்கள் போருக்குப்பின் யூதக் கலைக்கூடம் ஒன்றில் இடம்பெற வேண்டும் என்கின்றார். தாமும் தம் சிறுமகள் மர்கோலித்தும் நினைக்கப்படவேண்டும் என்கின்றார். குழந்தைக்கு அப்போது வயது இரண்டுகூட நிரம்பவில்லை.

கலைக்கூடம் கேட்ட ஓவியரை நாம் சாட்சிக்கூண்டில் மட்டும் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்? அவ்வோவியங்களில் கெட்டோவின் கொடுமையைத் தேடுவோர் ஏமாறுவர். பெரும்பாலானவை போருக்கு முற்பட்டவை. கன்னத்தில் கைவைத்த சிறுமியும் நேர்நோக்கும் சிறுவனும்தான் அங்கு உள்ளனர். வண்ணத்தைச் சிக்கனமாய் ஆள்கின்றார். முகத்துக்குச் செலவிடும் உழைப்பை உடைக்குச் செலவிடுவதில்லை. சில படங்கள் பயிற்சிப் படங்களே. சிறந்தவை அக்காலப் போலந்து ஓவியக் காட்சி எதிலும் தலைநிமிர்ந்து நிற்கத்தக்கவை என்பது நம் துணிபு. மதிப்பிடும் உரிமை நமக்கு உண்டா என்று தொடக்கத்தில் கேட்டோம். அவர் கேட்டதே மதிப்பீட்டைத்தான்.

இத்தொகுதியை ஓர் அமெரிக்கப் புதினத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஜான் ஹெர்சி 1950இல் ‘சுவர்’ என்னும் பெரும் புதினத்தை வெளியிட்டார். நோவாக் லெவின்சன் என்ற கற்பனை வரலாற்றாசிரியர் ஒருவர் வார்சாவில் எழுதிப் புதைத்த குறிப்புகளைப் பதிப்பாசிரியர் தேர்ந்து தருவதாக அமைப்பு. நேர்மையான முயற்சி, ஆங்கில வாசகர் பலர் கெட்டோவை முதலில் அறிந்தது அதன் வாயிலாகத்தான். ஆனால் ஹெர்சியின் குறிப்புகள் யாவும் ஒரே அறிவாளியின் குரலில் ஒலிக்கின்றன. கதைமாந்தர் அனைவரும் ஈற்றில் ஒரு குடும்பம்போல் ஒன்றுகூடிவிடுகின்றனர். உண்மைத் தொகுதியில் இவ்வொருமை இல்லை. தபால்காரரின் எளிமைக்குப் பக்கத்தில் பெர்லேயின் நஞ்சு. சமய குருவின் குறிப்புக்குப் பக்கத்தில் கடவுளை மறுப்பவரின் எள்ளல். ஒருவர் மற்றவரை மறுக்கின்றார். இந்த இசைவின்மையே நம்பிக்கை ஊட்டுகின்றது. புதினம் கட்டுக்கோப்பில் வென்றது. தொகுதி உண்மையில் வென்றது என்று சுருக்கிச் சொல்லத் தோன்றும். அதுவும் சரியன்று. தொகுதிக்கும் கட்டுக்கோப்பு உண்டு. அது திரட்டிய முறையில் இருக்கின்றது.

‘இரண்டரை ஆண்டுகள்’ என்னும் தலைப்பில் இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1,600 பக்கங்களுக்கு மேல் ஒரு பெருநூல் எழுதத் திட்டமிட்டிருந்தனர். பொருளியல், பண்பாடு, உதவிப்பணி எனப் பிரித்து வினாப்பட்டியல்களும் வகுத்தனர். பெண்களின் நிலைபற்றிச் செசிலியா ஸ்லப்பாக்கோவா நேரில் கண்டு கேட்டு எழுதினார். 1942 கோடை வந்தது, பெருநூல் நின்றது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஹெல்ம்னோ கொலைக்களத்திலிருந்து தப்பிவந்த ஒருவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கி, மறைவழியில் வெளியுலகுக்கு அனுப்பியிருந்தனர். ஜூன் இறுதியில் இலண்டன் வானொலி போலந்து யூதர் கொல்லப்படுவதை அறிவித்தபோது ரிங்கெல்புளும் தம் குழுவின் உழைப்பு வீண்போகவில்லை என்று மகிழ்ந்து எழுதினார். அடுத்த மாதமே வார்சாவின் முறை வந்தது.

முதற்பகுதி 1942 ஆகஸ்டு 3ஆம் நாள் நொவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில் பத்துப் பெட்டிகளில் புதைக்கப்பட்டது. லிக்தென்ஷ்தைனுக்கு உதவியாய் நின்ற இருவர், தாவித் கிராபர், நாகும் கிசிவாச், இருபது வயதைத் தாண்டாதவர்கள். இரண்டாம் பகுதி 1943 பிப்ரவரியில் இரு பால் கேன்களில் அதே இடத்தில் இடப்பட்டது. மூன்றாம் பகுதி ஏப்ரலில், எழுச்சிக்குச் சற்று முன், ஷ்வியெந்தொயெர்ஸ்கா தெருவில் புதைக்கப்பட்டது என்பர், இன்றுவரை கிட்டவில்லை. ரிங்கெல்புளும் குடும்பத்தோடு சுவருக்கு வெளியே போலந்துத் தோட்டக்காரர் ஒருவரின் நிலத்தடி மறைவிடத்தில் இருந்தார், அங்கும் எழுதினார். 1944 மார்ச்சில் மறைவிடம் காட்டிக்கொடுக்கப்பட்டது. உள்ளிருந்த அனைவரும், ஒளித்துக் காத்தவர்களும், கொல்லப்பட்டனர். குழுவினருள் போருக்குப்பின் எஞ்சியோர் மூவர்: இராகேல் அவர்பாக், எர்ஷ் வாசர், அவர் மனைவி புளூமா. இடிபாட்டுக் குவியலாய்க் கிடந்த நகரத்தில் இடத்தைக் குறித்துக் காட்டக்கூடியவர் வாசர் ஒருவரே. அவர்பாக் விடாமல் வற்புறுத்தினார். 1946 செப்டம்பர் 18இல் தகரப் பெட்டிகள் வெளிவந்தன. நீர் புகுந்து பல தாள்கள் ஊறிப்போயிருந்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில் கட்டடத் தொழிலாளர் கைக்கு அகப்பட்டன.

வெளிவந்த பின்னும் தாள்கள் முழு உரிமை பெறவில்லை. 1950களில் வார்சாவில் வெளியான ரிங்கெல்புளும் குறிப்புகளில் அன்றைய அரசியலுக்கு ஒவ்வாதவை விடப்பட்டன. 1958இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அக்குறைப்பதிப்பைத் தழுவியது. யாரையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்று விதி செய்தவரின் எழுத்துக்கே மறைப்பு நேர்ந்தது. பின்னர் முழுத் தொகுதியும் போலிஷ் மொழியில் 36 நூல்களாக வெளிவந்தது. 2007இல் சாமுவேல் காசோ எழுதிய வரலாறும், 2018இல் அதனையொட்டி வந்த ஆவணப்படமும் இத்தொகுதியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றன. யுனெஸ்கோ 1999இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஆயினும் நமக்கொரு மனக்குறை உண்டு. நினைவு நாள்களிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவன பெட்டியோடு புதைந்த இறுதி விருப்பக் குறிப்புகளே. அவை உருக்கமானவை, படிப்பவர் கண் கலங்கும். ஆனால் 35,000 பக்கங்களுள் அவை சில பக்கங்கள். அவற்றோடு நின்றுவிட்டால் அழைப்பு மணிக் குறிப்பும், கள்ளக்கடத்தலின் கணக்கும், கோல்தினின் வயிறும், பெர்லேயின் கசப்பும் மீண்டும் மண்ணுக்குள் போகின்றன. இறக்கும் தறுவாயில் சொன்னதை மட்டும் கேட்டு, வாழ்ந்தபோது சொன்னதைக் கேளாதிருக்கின்றோம். பள்ளிப் பாடநூல் தொகுப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். தபால்காரரின் நடைச்சித்திரம் ஒன்றேனும் மாணவர் கைக்குச் செல்லட்டும்.

தாள்கள் இன்று வார்சாவில் திலொமத்ஸ்கியே தெருவில் யூத வரலாற்று நிறுவனத்தில் உள்ளன. 1943 மே 16ஆம் நாள் நாசிகள் பக்கத்திலிருந்த பெரிய தொழுகைக்கூடத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது பரவிய தீயின் கருமை அந்நிறுவனத்தின் முன்கூடத் தளத்தில் இன்னும் படிந்திருக்கின்றது. அதனை மாற்றாமல் விட்டிருக்கின்றனர். பால் கேன்களுள் ஒன்று அங்கே இருக்கின்றது. மற்றொன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள், வெறுங்கலமாய், நிற்கின்றது.